கொஞ்சம் தள்ளுங்க, அக்கா

குறுக்கே கொடியில் துணி காய்ந்தால் முக்காலிக்காரர் உட்கார்ந்துவிடுவார். முக்காலியில் மாட்டிய நில அளவைக் கருவியின் மேல் தன் தொப்பியைக் கவிழ்த்து வைப்பார். முக்காலியின் காலடியில் குந்திக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். பென்சில் ஏற்கெனவே கூராகத்தான் இருக்கும்.

இஸ்திரியக்கா அவரை முதன்முதலாகப் பார்த்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் ஒரு காலி மனை. அதற்குக் குறுக்கே அவள் கொடி கட்டி, மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அவற்றை உலர்த்தி, பெட்டி போட்டு, மடித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த மனையை அளக்கத்தான் அவர் வந்திருந்தார். அவருடைய கருவிக்கும், மனையின் அந்தக் கோடியில் இருந்த எல்லைக்கல்லுக்கும் நடுவில் விரிப்புகள் வெள்ளைச் சுவர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவிழ்த்திருப்பாள். அவர் சொல்லவில்லை. பென்சில் சீவினார்.

பகல் சாய்கிற நேரத்தில் அவருடைய முதலாளி பெரிய சர்வேயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"என்னய்யா, காலையில வந்த ஆளு, இன்னும் முதல் கல்லையே பாக்கலையா?"

முக்காலிக்காரர் எழுந்து நின்றார். "கானல் ஆடுதுங்க. அளவுகோல்ல கோடு நிக்கமாட்டேங்குது. எல்லாம் நெளியுது."

"கானலா? இந்த வெயில்லயா?"

"தரையோட தரையா ஆடுதுங்க."

பெரிய சர்வேயர் வானத்தைப் பார்த்தார், விரிப்புகளைப் பார்த்தார், தன் ஆளைப் பார்த்தார். "ஆடட்டும், ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இஸ்திரியக்காவுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. விரிப்புகள் உலர்ந்ததும் அவர் தானாக வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் எட்ட நின்று மடித்தார்கள். ஓரத்தோடு ஓரம் பிசகாமல் வந்து சேர்ந்தது. அவர் போய்க் கருவியின் மேலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

பிறகு ஒருநாள் எதிர்வரிசைப் பஞ்சர்க்கடைக்காரர்தான் அவளுக்கு விளக்கினார். கொளுத்துகிற வெயிலில் தரையை ஒட்டிய காற்று அலையாகத் துடிக்குமாம். அப்போது கருவிக்குள் பார்த்தால் கோல் மேலிருக்கும் கோடுகள் எல்லாம் நடுங்குமாம். அந்த நேரத்தில் எந்தச் சர்வேயரும் அளக்கமாட்டாராம். அன்றைக்கோ வெயில் கன்றுக்குட்டியின் நாக்கு மாதிரி இதமாக இருந்தது. காற்றும் வீசிக்கொண்டிருந்தது. ஆடியதெல்லாம் அவளுடைய விரிப்புதான். அவள் பெயரைச் சொல்லாமல், பழியைத் தன் கண்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர்.

இஸ்திரியக்கா காலையில் கரியைப் பற்றவைக்கும்போது கும்பிடுகிறவள். பெட்டி சூடேறும் வரைக்கும் அவளும் ஆண்டவனும் பேசிக்கொள்வார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, எல்லாவற்றையும் ஒப்புவிப்பாள். மறுநாள் அந்த வரிசையில் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தாள். பெயர் தெரியாததால், "அந்த முக்காலி வச்சிருக்கிற தம்பி" என்று ஆண்டவனுக்கு அடையாளம் சொன்னாள்.

வேண்டுதல் எந்த வழியாகப் போயிற்றோ, கொஞ்ச காலத்தில் அவரும் அவர் மனைவியும் அதே தெருவில் மாடிவீட்டுக்குக் குடிவந்தார்கள். மனைவி தையல்காரி. தைத்து முடித்த துணிகளை மடிப்புக் கலையாமல் கொடுக்க இஸ்திரியக்காவிடம்தான் எடுத்துவருவாள். அந்த அம்மாளின் குரல் தையல் இயந்திரத்தையும் மீறிக் கீழே தெருவரை கேட்கும். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் வேண்டிய பேச்சை ஒருவரே பேசிவிடுவார் என்று தெருவில் சொல்வார்கள்.

முக்காலிக்காரருடைய சட்டைகளை இஸ்திரியக்கா கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் கண்டுபிடிப்பாள். எல்லாச் சட்டையிலும் இடதுபக்கப் பை தொங்கிப்போயிருக்கும். தூக்குக்குண்டை அதில்தான் போட்டுக்கொள்வார். முக்காலி சரியாகப் புள்ளிக்கு மேல் நிற்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற பித்தளைக் குண்டு அது. கூர்முனை துணியைக் கிழித்துவிடும். மனைவி உள்ளே இரட்டைத்துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். அதையும் குண்டு கிழித்துவிடும். "இந்த மனுஷனுக்குப் பையை இரும்புலதான் தைக்கணும்" என்பாள்.

அவர் நடையும் தனி. ஒவ்வொரு எட்டும் ஒரே அளவாக வரும். உதடு மட்டும் அசையும், எண்ணிக்கொண்டே வருவார். வழியில் யாராவது "என்ன சர்வேயர், சௌக்கியமா?" என்று கேட்டால் நின்று, தொப்பியைக் கழற்றி, முழுசாகப் பதில் சொல்வார். கேட்டவர் வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார். பிறகு கணக்கு விட்டுப்போனதால் தெருமுனைக்கே திரும்பிப்போய் முதலிலிருந்து நடந்து வருவார். பஞ்சர்க்கடைக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் கடையைத் தாண்டும் நேரம் பார்த்து, "சர்வேயர் சார், மணி என்ன?" என்பார். பாவம், இவர் நின்று மணி சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கடையில் சாமான் வாங்கப் போனால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் அவர் கை நீளும். பேருந்தில் அவர் உட்கார்ந்து வந்ததைப் பார்த்தவர் இல்லை. முக்காலியைத் தோளில் சாய்த்து, தூங்கும் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் தூக்கிவருவார். எதிரே யாராவது வந்தால் குழந்தையோடு சேர்த்துத் தானும் சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

சர்வேயர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் முழுச் சர்வேயர் இல்லை. லைசென்ஸ் கிடையாது. வெயிலில் நிற்பது இவர், வரைபடம் போடுவது இவர், கீழே கையெழுத்து மட்டும் பெரிய சர்வேயருடையது. கையெழுத்து இல்லாத வரைபடம் வெறும் படம், அதை வைத்து ஒரு செங்கல்கூட அடுக்க முடியாது. லைசென்ஸுக்குப் பரீட்சை எழுத வேண்டும். எழுத்துப் பரீட்சை, களத்தில் அளந்து காட்டும் பரீட்சை, அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் பரீட்சை, இப்படி. மொத்தமே மூன்று முறைதான் உட்கார விடுவார்கள். இவர் இரண்டு முறை உட்கார்ந்தார். எழுத்தில் நல்ல மார்க். களத்தில் தவறிவிட்டது, இரண்டு முறையும். ஏன் என்று கேட்டால், "நேரம் பத்தலை" என்பார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

இந்த வருஷம் பெரிய சர்வேயருக்குக் கண்ணில் புரை வளர்ந்துவிட்டது. வருஷக் கடைசியோடு அலுவலகத்தை மூடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்படி மூடினால் இவருக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை. கடைசி வாய்ப்பும் போய்விட்டால், பிறகு இந்த வயதில் யாரோ ஒரு சின்னப் பையனுடைய கருவிக்கு எதிரே சிவப்பு வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு முற்பகல் தையல்காரம்மா துணிமூட்டையை இஸ்திரி மேசைமேல் தொப்பென்று போட்டாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, என் வீட்டுக்காரர் ஏன் பெயிலாகறாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. கூடப் பரீட்சை எழுதினவரைக் கடையில பார்த்தேன். அவருதான் இவருக்குக் கோல் பிடிச்சவராம். எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"நேரம் பத்தலைன்னாரே, தாயி?"

"எப்படிப் பத்தும்? முதல் தடவை, பூங்காவுல பரீட்சை. இவரு பாக்கிற வழியில பெஞ்சில ஒரு பெரியவர் உக்காந்தபடியே தூங்கிட்டிருந்தாராம். தூங்கறவரை எழுப்ப மனசு வரலையாம். அவரு எந்திரிக்கிற வரைக்கும் இவரு பென்சில் சீவிட்டிருந்தாராம்."

இஸ்திரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ரெண்டாந்தடவை?"

"ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்களாம். புதுசா கட்டிக்கிட்டவங்க, சந்தோஷமா நிக்கிறாங்க, எப்படித் தள்ளச் சொல்றதுன்னு நின்னாராம். என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு இப்படி ஒரு போட்டோ எடுத்துக்கலை இந்த மனுஷன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வாயைத் திறந்து 'தள்ளுங்க'ன்னு ஒரு சொல்லு. அதுக்கு லைசென்ஸ் போச்சு. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். என் பேச்சு அவருக்கு மழைச்சத்தம் மாதிரி. பழகிப்போச்சு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

இஸ்திரியக்காவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. எந்தக் குணத்துக்காக அவள் இத்தனை காலமாக அந்தத் தம்பியை ஆண்டவனிடம் ஒப்புவித்து வந்தாளோ, அதே குணத்தைத்தான் இப்போது மாற்றச் சொல்கிறார்கள். உலகத்தில் பிடித்துத் தள்ளுகிறவர்களுக்கா பஞ்சம்? தள்ளாத ஒருவர் இருக்கிறார், அவரையும் நாம் கெடுப்பதா? காலையில் கரியைப் பற்றவைத்தபோது இதைத்தான் கேட்டாள். பெட்டி காய்ந்துவிட்டது, பதில் வரவில்லை. முதல் சட்டையை எடுத்துப் போட்டாள். இடதுபக்கப் பை தொங்கிய சட்டை. அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது.

சாயங்காலம் சட்டை வாங்க வந்தவரை அவள் நிற்கவைத்தாள்.

"தம்பி, அன்னிக்கு என் கொடி குறுக்கே இருந்துச்சே. ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஈரத்துணி, அக்கா. நீங்க பாடுபட்டு காயப்போட்டிருந்தீங்க."

"கேட்டிருந்தா நான் கொடியை அவுத்து அந்தப் பக்கம் கட்டியிருப்பேன். எனக்கு என்ன கை முறிஞ்சா போகும்? உங்களுக்கு ஒரு நல்லது செஞ்சோம்னு எனக்கும் ஒரு நிறைவு இருந்திருக்கும். நீங்க கேக்கவே இல்லை. நல்லது செய்யறதை மொத்தமா நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எனக்குக் கொஞ்சம் விட்டுவச்சிருக்கலாமில்ல?"

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பெஞ்சுப் பெரியவரைக் கேட்டிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டாரா? கேட்டாத் தள்ளிப்பாங்க தம்பி, மனுஷங்க. தள்ளமாட்டாங்கன்னு நாமளே முடிவு பண்ணிட்டா அவங்களைப் பத்திக் கெட்டதா நினைச்ச மாதிரி ஆயிடாதா?"

அவர் முகம் மாறியது. யாரைப் பற்றியும் கெட்டதாக நினைத்ததாக அவருக்கே தெரியாது. யாரோ அவரைத் திருட்டுப் பொருளோடு பிடித்துவிட்ட மாதிரி விழித்தார். "அப்படியா ஆகுதுக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது.

காலி மனையின் இந்த முனையில் முக்காலியை ஊன்றுவார். அந்த முனையில் மனைவி கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நடுவில் இஸ்திரியக்கா கையைக் கட்டிக்கொண்டு குறுக்கே நிற்பாள். அவர் "தள்ளுங்க" என்று சொன்னால்தான் நகர்வாள். இதுதான் பாடம்.

முதல் வாரம் அவர் கருவிக்குப் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழலை தம்பி."

"அக்கா, உங்களுக்குக் கால் வலிக்குமே..."

"வலிக்கலை."

"வெயில் ஏறுது. நிழல்ல நின்னா நல்லாயிருக்கும்னு..."

"நான் வெயில்லயே வளந்தவ."

அந்த முனையிலிருந்து மனைவி கத்தினாள்: "இங்க எனக்குத்தான் கால் வலிக்குது, எனக்காகவாவது சொல்லுங்க."

பஞ்சர்க்கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். "சர்வேயர் சார், சும்மா அதட்டுங்க. என் மாமியாருன்னு நினைச்சுக்குங்க."

"உங்க மாமியார் நல்லவங்களாச்சே" என்றார் அவர், நிஜமாகவே திகைத்து.

அடுத்த வாரம் ஒரு வார்த்தை வந்தது: "அக்கா." அதோடு நின்றுபோயிற்று. அதற்கடுத்த வாரம் "அக்கா, கொஞ்சம்" வரை வந்தது. இஸ்திரியக்கா அசையவில்லை. தன்னைச் சுற்றி ஈ மொய்த்தாலும், அடுப்பில் சோறு அடிபிடிக்கிற வாசனை வந்தாலும், வாயைத் திறக்கும் வரை நின்றே தீருவது என்று நின்றாள். மனசுக்குள், 'ஆண்டவனே, அந்தத் தம்பி தொண்டையில இருக்கிறதை நீதான் வெளியில எடுக்கணும்' என்று வேண்டிக்கொண்டாள்.

இடைவேளையில் ஒருநாள் அவர் அவளைக் கருவிக்குள் பார்க்கச் சொன்னார். அது பழைய காலத்துக் கருவி. பெரிய சர்வேயர் ஒதுக்கிக் கொடுத்தது. அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். இஸ்திரியக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்று பின்வாங்கினாள். தெரு கவிழ்ந்து கிடந்தது. தையல்காரம்மா வானத்தில் தலைவைத்து நின்றிருந்தாள். கொடியிலிருந்த துணிகள் மேல்நோக்கித் தொங்கின.

"இப்படித் தலைகீழாவா எங்களையெல்லாம் பாக்கறீங்க?"

"பழகிட்டாத் தெரியாதுக்கா. நேராத்தான் தெரியும்."

அவள் மறுபடியும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "தலைகீழா நின்னாலும் துணி காயத்தான் செய்யுது. அவன் கருணை" என்றாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், முழுசாக வந்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க." பெரிய சத்தமில்லை. ஆனால் தெளிவாக, ஒரு சொல்லும் விழுங்காமல். இஸ்திரியக்கா ஒரு நொடி நம்பாமல் நின்றாள். பிறகு மடமடவென்று ஒதுங்கினாள். தையல்காரம்மா கோலைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். கோல் கீழே விழுந்ததால் அளவு எடுக்க முடியவில்லை. பஞ்சர்க்கடைக்காரர் அன்றோடு மணி கேட்பதை நிறுத்திவிட்டார்.

பரீட்சைக்குப் போகிற சட்டையை இஸ்திரியக்கா முதல்நாள் மத்தியானமே தேய்த்து வைத்தாள். தொங்கிய பையை இரண்டு முறை அழுத்தினாள். பரீட்சை நடந்த அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. யாருடைய சட்டைக்காலரோ பெட்டியின் கீழேயே கிடந்து பழுப்பேறிவிட்டது. அவள் கையில் துணி கருகியது அன்றைக்குத்தான். சட்டைக்காரரிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பொழுது சாய அவர் திரும்பி வந்தார். நேராக இஸ்திரி மேசைக்கே வந்தார். பின்னாலேயே மனைவி மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

"குறுக்கே யாரும் வரலையே?" என்றாள் இஸ்திரியக்கா.

"வந்தாங்கக்கா."

"யாரு?"

"பரீட்சை அதிகாரி."

மனைவி அங்கேயே பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சொல்லச் சொல்ல, விட்டுப்போனதையெல்லாம் மனைவி கேட்டுக் கேட்டு வாங்கினாள். முதல் இரண்டு கோணமும் நன்றாக முடிந்திருக்கிறது. மூன்றாவதற்குத் திருப்பினால் கருவிக்குள் கறுப்பாக ஏதோ நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் குடை. குடைக்குக் கீழே பருத்த உடம்பாக அதிகாரி. இன்னொரு அதிகாரியோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார். மார்க் போடப்போகிற மனிதர்.

"பென்சிலை எடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

"எடுத்தேன்."

"ஐயோ."

"எடுத்தேன். அப்புறம் அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. இவரு தள்ளமாட்டாருன்னு நானே முடிவு பண்ணிட்டா, நல்ல மனுஷனைக் கெட்டதா நினைச்ச மாதிரி ஆயிடுமேன்னு... பென்சிலைப் பையில போட்டேன். சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

அவர் காது சிவந்துபோயிற்று. "பழகினதுதான் வந்துச்சு. 'அக்கா, கொஞ்சம் தள்ளுங்க'ன்னுட்டேன்."

பலகைமேலிருந்து அவள் எழுந்துவிட்டாள்.

"அந்த ஆளையா? அக்கான்னா கூப்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"பெரிய மீசை வச்சவரு" என்றார் அவர், வருத்தத்தோடு. "திரும்பிப் பாத்து, 'யாரை?'ன்னாரு. 'உங்களைத்தான் அக்கா... ஐயா'ன்னேன். கூட இருந்தவர் சிரிச்சுட்டாரு. இவரு சிரிக்கலை. என்னைப் பாத்தாரு, கோலைப் பாத்தாரு, ஒதுங்கிக்கிட்டாரு. ஆனா குடை இன்னும் குறுக்கேதான் இருந்துச்சு."

"விட்டுட்டீங்களா?"

"இல்லை. 'குடையையும்'னு சொன்னேன்."

இஸ்திரியக்கா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். யாரைப் பார்த்துக் கூப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தில் தையல்காரம்மா சிரித்து முடித்து அழ ஆரம்பித்திருந்தாள்.

அடுத்து, உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அறையிலும் அதே மீசைக்காரர்தான் இருந்தாராம். கடைசிக் கேள்வியாக, "யாருப்பா அந்த அக்கா?" என்று கேட்டாராம். இவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கொடி, விரிப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எல்லாம். "என்ன சொன்னாரு கேட்டுட்டு?" என்றதற்கு, "ஒண்ணும் சொல்லலை. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டாரு. போகச் சொல்லிட்டாரு" என்றார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாருக்கும் புரியவில்லை. முடிவு வரும் வரைக்கும் இஸ்திரியக்கா தினமும் காலையில் அந்த மீசைக்காரரையும் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டாள். அவருக்கும் பெயர் தெரியாது. "குடை வச்சிருக்கிற ஐயா" என்று சொன்னாள். ஆண்டவனுக்குப் புரியாதா?

ஒருநாள் காலை வெளிச்சத்தில் அவள் குனிந்து ஒரு வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு நிழல் விழுந்தது. யாரோ வெளிச்சத்தை மறைத்து நின்றார்கள்.

"யாரது, தள்ளுங்க. மடிப்புத் தெரியலை."

நிழல் நகரவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்றேனில்ல?"

"தள்ளமாட்டேன்" என்றது குரல்.

நிமிர்ந்தாள். முக்காலிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, அவளுடைய வெளிச்சத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் வழியில் வேண்டுமென்றே நின்றார்.

"பாஸாயிட்டேன்க்கா."

பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ ஞாபகம் வந்தது. அதனால் அந்த வெள்ளைச் சட்டை பிழைத்தது.

ரப்பர் முத்திரை செய்து வந்த அன்றும் அவர் மேசைக்குத்தான் வந்தார். அவர் பெயர், கீழே 'லைசென்ஸ் பெற்ற நில அளவையாளர்' என்று இருந்தது. இஸ்திரியக்கா நாலாம் வகுப்புவரை படித்தவள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டு வாசித்தாள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மைத்தட்டைத் திறந்து, "முதல் முத்திரை நீங்க வையுங்கக்கா" என்றார்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"அழுத்தணும். அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா?"

கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டு அழுத்தினாள். பெட்டி பிடித்த கை. உடம்புப் பாரமெல்லாம் அதில் இறங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் ஊறிப்போய் ஒரே மைக்குளம். தாளுக்கு அடியில் மேசைத்துணியிலும் ஒரு வட்டம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் அந்தத் தாளை ஊதி ஊதி உலர்த்தி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, குண்டு இல்லாத வலதுபக்கப் பையில் வைத்துக்கொண்டார். மேசைத்துணியிலிருந்த வட்டத்தை அவளும் துவைத்து எடுக்கவில்லை. அந்த இடத்தில் துணி போடாமல் ஒதுக்கியே தேய்க்கிறாள்.

பெரிய சர்வேயர் அலுவலகத்தை மூடினார். தூரத்தில் புதிதாக மனைகள் பிரித்து வீடு கட்டுகிற ஊர் ஒன்று இருந்தது. அங்கே சர்வேயர்கள் இல்லை. மனைவியும் அவரும் அங்கே போய்த் தொழில் தொடங்குவதென்று முடிவாயிற்று. தெரு முழுக்க அவர்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான் கட்டிக்கொடுத்தது. பஞ்சர்க்கடைக்காரர் தையல் இயந்திரத்தைத் தானே தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார். இறங்கும்போது, "சர்வேயர் சார், மணி என்ன?" என்றார். இவர் நின்று, தொப்பியைக் கழற்றி, மணி சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தையல்காரம்மா இஸ்திரியக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வாயிலிருந்து அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் வரவில்லை.

முக்காலிக்காரர் மட்டும் ஏறவில்லை. காலி மனையின் அந்த முனைக்குப் போய், பழைய கருவியை முக்காலியில் மாட்டி ஊன்றினார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க" என்றார். வண்டிக்காரர் பொறுத்தார்.

இஸ்திரியக்கா மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். கருவி தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒதுங்கப் போனாள். அவள் பின்னால் தெரு நீளமாகக் கிடக்கிறது, எதையோ கடைசியாக அளக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"நீங்க தள்ளாதீங்கக்கா" என்று அங்கிருந்து குரல் வந்தது. தெரு முழுவதும் கேட்டது. "அங்கேயே நில்லுங்க. உங்களைத்தான் பாக்கறேன்."

அவள் நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக்குள் தான் தலைகீழாகத்தான் இருப்போம் என்று அவளுக்குத் தெரியும். பழகிவிட்டால் நேராகத்தான் தெரியும் என்று அவர் சொன்னதும் தெரியும்.

அவர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். கருவியின் திருகாணியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். தலையை எடுத்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். மறுபடியும் துடைத்தார். விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கிடந்தது, மண்ணெல்லாம் சில்லென்று இருந்தது.

கருவிமேல் தொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அங்கிருந்தபடியே சொன்னார்:

"கானல் ஆடுதுக்கா."